பழைய ராலிக்குப் புது டேங்கு

பழைய ராலி சைக்கிளின் நடுப்பகுதியில் ஒன்றுமே இல்லை. மேலே ‘பார்’ என்னும் கிடைக்குழாய், கீழே சாய்ந்து இறங்கும் ஒரு குழாய், சீட்டைத் தாங்கும் குழாய், முன்னால் ஹேண்டில் திரும்பும் குட்டையான கழுத்துக்குழாய். நான்குக்கும் நடுவில் காற்று. மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் பாலுக்காக மரப்பட்டையை வெட்டியவர்கள் விடியுமுன் இந்தச் சைக்கிளில் தங்கள் மர நிரைக்குப் போனார்கள். வெயில் ஏறியதும் பின் கேரியரில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பினார்கள். ஆளையும் வாளியையும் குண்டும் குழியுமான செம்மண் பாதையின் அதிர்வையும் சேர்த்துத் தாங்கியவை அந்த ஒல்லிக் குழாய்கள்தாம்.

அத்தோட்டங்களில் பல இன்று எண்ணெய்ப்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. லயத்துக் கொட்டகைகளில் கிடந்த சைக்கிள்கள் பழைய சைக்கிள் பிரியர்களின் கைக்கு வருகின்றன. பலர் வந்த நிலையிலேயே துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டுகிறார்கள். சிலருக்கு இன்னோர் ஆசை உண்டு: நடுவிலுள்ள காலி இடத்தில் அளவெடுத்துச் செய்த தகர டேங்கு, சக்கரத்தைத் தழுவி வளையும் மட்கார்டுகள், 1910 வாக்கில் ஓடிய மோட்டார் சைக்கிளின் சாயல். இதை வெறும் வேஷம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சாயல் சைக்கிளுக்குச் சொந்தமானது. ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., ராயல் என்ஃபீல்டு எல்லாமே எஞ்சினைத் தொடுமுன் சைக்கிள் செய்தவை. நாட்டிங்காமின் ராலியும் கொஞ்ச காலம் மோட்டார் சைக்கிள் செய்தது. பெட்ரோலுக்கு இடம் தேடியபோது மேல்பாருக்கு அடியில் தட்டையான டப்பா ஒன்றைச் செருகினார்கள். 1920-களில் டேங்கு பாரின்மேல் ஏறி உட்காரும்வரை பெரும்பாலும் அதுவே வழக்கம். பிறகு காற்று திசை மாறியது. 1934-இல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி ‘ஏரோசைக்கிள்’ என்று ஒரு மிதிவண்டியை விட்டது. பெட்ரோலே தேவைப்படாத அந்த வண்டிக்கு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஒரு பொய் டேங்கு!

டேங்கு செருகச் சைக்கிளின் நடுவில் இடம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு வியப்பு. மூன்று கம்பிகளை முனைகளில் ஆணியடித்து முக்கோணமாக்கினால், ஏதாவது ஒரு கம்பி நீளாமலோ குறுகாமலோ அதன் வடிவம் மாறாது. நான்கு கம்பிகளின் சட்டம் அப்படியல்ல, தள்ளினால் சாய்ந்துவிடும். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளுக்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே இன்றைய வைர வடிவப் பிரேம் நிலைபெற்றது. அதன் பின்பாதி அசல் முக்கோணம். முன்பாதிக்கு நான்கு பக்கம் உண்டு, ஆனால் கழுத்துக்குழாய் மிகக் குட்டை என்பதால் ஏறக்குறைய முக்கோணமாகவே நடந்துகொள்கிறது. ஓட்டுபவரின் எடை குழாய்களின் நீளவாக்கில் இழுப்பாகவும் அழுத்தமாகவும் ஓடிக் கடைசியில் இரு அச்சுகளில் இறங்குகிறது. நடுவில் இருக்கும் இடத்துக்கு எந்தப் பாரமும் வருவதில்லை. அங்கே நீங்கள் லேசாக எதை வைத்தாலும் பிரேமுக்கு உதவியுமில்லை, உபத்திரவமுமில்லை.

குழாய் எதற்கு, கெட்டிக் கம்பி போதாதா? ஓர் அங்குல விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதே எஃகை உருக்கி, அதே நீளத்தில் கெட்டிக் கம்பியாக்கினால் அதன் விட்டம் 11 மில்லிமீட்டர்கூட வராது. எடை ஒன்றுதான், ஆனால் வளைவை எதிர்ப்பதில் குழாய் கம்பியைவிடச் சுமார் 10 மடங்கு விறைப்பானது. வளையும்போது பாடுபடுவது வெளி ஓரத்தில் இருக்கும் உலோகம்தான். நடு உலோகம் சும்மா கூடவே வருகிறது. சும்மா வருவதை எடுத்து ஓரத்துக்கு அனுப்பியதே குழாயின் ரகசியம். ஆக, பிரேமின் நடுவும் காலி, அதன் ஒவ்வொரு எலும்பும் காலி.

பிரேமின் முன்பாதி முழு முக்கோணமில்லை என்பதற்கு ஒரு விலை உண்டு. முன்சக்கரம் பள்ளத்தில் மோதும்போது உதை முழுவதும் கழுத்துக்குப் பின்னால் வந்து இறங்குகிறது. அதனால்தான் பழைய பிரேமை வாங்குபவர்கள் சாய்ந்திறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை, கழுத்துக்குழாயோடு சேரும் இடத்திலிருந்து நான்கு விரற்கடை தூரம்வரை, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பெயின்ட்டுக்கு அடியில் சின்ன மேடு தட்டுப்பட்டால், என்றோ ஒருநாள் பலத்த மோதல் நடந்திருக்கிறது.  தடவிப் பார்க்க வேண்டியது டேங்கை மாட்டுவதற்கு முன்பு.

டேங்கைப் பிரேமோடு வெல்டிங் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. ராலியின் குழாய்கள் லக் என்னும் உறைகளுக்குள் செருகப்பட்டு, இடுக்கில் உருகிய பித்தளை ஊறி இறுகியவை. எஃகு உருக ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும், பித்தளைக்கு 900 டிகிரி போதும். மெல்லிய குழாய்மேல் வெல்டிங் தீயைப் பிடித்தால், லக்குக்குள் இருக்கும் பித்தளை இளகுவதற்கும் வாய்ப்புண்டு, குழாய்ச் சுவர் பொத்துப்போவதற்கும் வாய்ப்புண்டு. பட்டை போட்டுத் தொங்கவிட்ட டேங்கை என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றலாம்.

அளவெடுப்பதற்கு அட்டைப்பெட்டியின் அட்டையே போதும். அதை வெட்டி நடுவில் நிறுத்திப் பார்த்த பின்தான் தகரத்தில் கைவைக்க வேண்டும். நீளம் 45, உயரம் 10, அகலம் 6 சென்டிமீட்டர் என்றால் 2.7 லிட்டர் இடம் கிடைக்கும். பஞ்சர் ஒட்டும் சாமான்கள், சாவிகள், விளக்குக்கான பேட்டரி அடங்கப் போதுமானது. அகலத்தைக் கூட்ட ஆசைப்படக் கூடாது. மிதிக்கும்போது முழங்கால்கள் உரசினால் அந்த வண்டியை ஒரு வாரம்கூட யாரும் ஓட்டமாட்டார்கள். உயரத்துக்கும் எல்லை உண்டு. ராலியின் பின்பிரேக் கம்பியால் இயங்குவது. அந்தக் கம்பி ஹேண்டிலிலிருந்து இறங்கி, சாய்ந்த குழாயை ஒட்டி ஓடிப் பின்சக்கரத்தை எட்டுகிறது. டேங்கின் அடிப்பகுதி அந்தக் கம்பியைத் தொடாமல் இருந்தால்தான் பிரேக் பிரேக்காக இருக்கும். டேங்கின் அடியில் ஒரு துளையும் வேண்டும். பேராக்கின் காற்றில் உள்ளே ஈரம் சேராமல் இருக்காது.

பட்டை விஷயத்தில் வேதியியல் குறுக்கே வருகிறது. அழகுக்காகப் பித்தளைப் பட்டையைப் போட்டு, பெயின்ட் உரசாமல் இருக்க அடியில் ரப்பர்த் துண்டு வைப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு இயற்கை ரப்பருக்கு விஷம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கும் வேலையைச் செம்பு பலமடங்கு வேகப்படுத்துகிறது. ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். ரப்பர்ப் பால் வணிகத்தின் சர்வதேசத் தரவிதி, ஒரு கிலோ திடப்பொருளில் 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பை அனுமதிப்பதில்லை. எனவே துருப்பிடிக்காத எஃகுப் பட்டை போடலாம். அல்லது பித்தளைக்கு அடியில் பியூட்டைல் டியூபின் துண்டை வைக்கலாம். இன்றைய சைக்கிள் டியூப்களில் பெரும்பாலானவை அந்தச் செயற்கை ரப்பரே, அது செம்பை நன்றாகவே பொறுத்துக்கொள்ளும்.

ரப்பர்ப் பால் உறையாமல் இருக்கத் தோட்டங்களில் அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. பிரிட்டிஷ் இந்தியப் படை, மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் உறைக்குள் இருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது. 1921-இல்தான் காரணம் விளங்கியது. சைக்கிள் சக்கரத்தில் ஸ்போக் கம்பிகளை இறுக்கும் நிப்பிள்களும் பித்தளைதான், அவையும் ஓயாத இழுவிசையில் இருப்பவைதான். பால் சிந்திய பின்சக்கரத்தின் நிப்பிள்களைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது வீண்வேலையாகாது.

அந்தப் பால் மரமே இங்கே வந்தேறியது. பிரேசிலில் திரட்டிய விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் நாற்றுகளாக மலாயாவை எட்டின. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ அவற்றில் சிலவற்றைக் கோலகங்சாரில் நட்டார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபோது, உலகத்துக்கு எவ்வளவு ரப்பர் வேண்டியிருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அந்த டயர்தான் தமிழரைப் பேராக்கின் காடுகளுக்குள் கூட்டமாகக் கொண்டுவந்தது. அவர்கள் வெட்டிய பால் இங்கிலாந்துக்குப் போய், சைக்கிள் டயராக அவர்களிடமே திரும்பி வந்தது. இந்த வட்டத்தை நினைக்கும்போதெல்லாம் ஒரு ராலியின் விலை எனக்கு வேறுமாதிரி தெரிகிறது.

மட்கார்டுக்கு வருவோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் சாதாரணமானது. அந்த வேகத்தில் 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் ஓரத்தில் ஒட்டிய நீர்த்துளியை வெளியே பிடுங்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 5 மடங்கு. துளி பிய்த்துக்கொண்டு, பிரிந்த இடத்தின் தொடுகோட்டில் பறக்கும். பின்சக்கரத்தின் பின் ஓரத்தில், அச்சின் உயரத்தில் பிரிந்த துளி நேர் மேலே எழுந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் ஏறும். தரையிலிருந்து அது 1.2 மீட்டருக்கும் மேல். உங்கள் சட்டையின் முதுகு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பின் மட்கார்டு சக்கரத்தின் உச்சியோடு நின்றுவிடக் கூடாது, அச்சின் மட்டத்துக்கும் கீழே இறங்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பேராக்கின் தைப்பிங்கில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன் மட்கார்டை அகலமாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ராலியின் பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுத்துபவை. அவற்றைத் தாங்கும் குதிரைலாட வடிவக் கம்பி சக்கரத்தையும் மட்கார்டையும் சேர்த்து அணைத்து நிற்கிறது. மட்கார்டு அதில் உரசினால் கட்டை ரிம்மை எட்டாது. அந்த எஃகு ரிம்மோ அசாத்தியமான உறுதி கொண்டது. 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் சண்டை நடந்த பேராக்கின் கம்பார் வழியாகத் தெற்கே இறங்கிய ஜப்பானியச் சிப்பாய்கள், வெயிலில் டயர் வெடித்த பிறகு இப்படிப்பட்ட எஃகு ரிம்மிலேயே சைக்கிளை உருட்டிப் போனார்கள். ஆனால் குரோமியப் பளபளப்பில் தண்ணீர் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும். முதல் சில சுற்றுகள் நீரைத் துடைப்பதிலேயே கழியும். புது டேங்கோடு வண்டியை வெளியே எடுக்குமுன், ரிம்மில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, ஆளில்லாத தெருவில் பிரேக் பிடித்துப் பார்த்து, வண்டி எத்தனை அடி தள்ளிப் போய் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.