ஞாபகம் தேய்ந்தோரும் பயிற்சித் தாதியரும்

எஞ்சியிருக்கும் நினைவுகள்

டிமென்ஷியா என்னும் ஞாபகத் தேய்வு, மனிதனுடைய நினைவுகளை ஒரேயடியாகத் துடைத்துவிடுவதில்லை. அதன் பிரதான வகையான அல்சைமர் நோயில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே சேதமடைவதால், காலையில் என்ன உண்டோம் என்று சொல்ல இயலாத முதியவர், பால்யத்தில் தாம் பள்ளிக்கு நடந்த வீதியை வீடு வீடாக வர்ணிக்கக்கூடும். முதியோர் பழங்கதை பேசுவது வெறும் தளர்ச்சியின் அடையாளமன்று, வாழ்ந்த வாழ்வைச் சீர்தூக்கிப் பார்க்கும் இயல்பான மனவினையே என்று அமெரிக்க மனநல வைத்தியர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார்.

சரித்திரம் அறிந்த கண்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட், நோயை மட்டும் கண்டு மனிதரைக் காணாதிருப்பது பெருந்தீங்கு என்று 1997-இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். பிராட்ஃபோர்டு நகரம் கம்பளி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே நெய்து வந்த துணியை விரல்களால் தடவி, முடிச்சுகளைக் கண்டு களைந்து, இழை அறுந்த இடத்தைச் சீர்செய்வது பெண்களின் தொழிலாக இருந்தது. அத்தொழில் செய்த மூதாட்டி ஒருவர், வார்டில் படுக்கை விரிப்பின் ஓரத்தை ஓயாமல் தடவிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்: அவர் கதை அறியாத தாதி அதை அமைதியின்மை என்று குறிப்பேட்டில் எழுதுவார், அறிந்தவரோ ஒரு துண்டுத் துணியை அவர் கையில் கொடுத்து, அருகில் அமர்ந்து, வேலையைப் பற்றி விசாரிப்பார்.

மாணவியும் பேசட்டும்

பிரிட்டனில் தாதிப் படிப்பின் பாதியளவு, ஏறத்தாழ 2,300 மணி நேரம், பெரும்பாலும் நோயாளிகளிடையே பெறும் அனுபவப் பயிற்சியாகும். அப்பயிற்சியில் உள்ள மாணவி, தன் பாட்டியின் சமையலையோ தன் ஊர்த் திருவிழாவையோ முதலில் சொன்னாளானால், சிசுருஷை பெறுபவராக மட்டும் நடத்தப்பட்டுவந்த முதியவர், கேட்கவும் ஆலோசனை கூறவும் உரிமையுள்ள மூத்தவராகிறார். இந்த மாற்றத்தையே நான் மிகவும் மதிக்கிறேன். இதனால் நோய் குணமாகாது; மனநிலையிலும் சம்பாஷணையிலும் காணும் நன்மையும் சிறிதே, ஆளுக்கு ஆள் வேறுபடுவதுமாகும். ஆயினும் பராமரிப்பு மனிதத்தன்மை பெறுகிறது.

கேட்கும் முறை

“ஞாபகம் இருக்கிறதா?” என்று பரீட்சிக்கலாகாது. பழைய புகைப்படமொன்றைக் காட்டித் தொடங்கலாம். இறந்துபோன தாயைத் தேடுபவரிடம் மரணச் செய்தியை மீண்டும் மீண்டும் அறிவிப்பதைவிட, “அம்மா எப்படிப்பட்டவர்?” என்று கேட்பது மேல். கண்ணீர் பெருகினால் பேச்சை வற்புறுத்தாமல் உடனிருத்தல் வேண்டும். சம்மதத்துடன் கேட்டவற்றைப் பதிந்துவைப்பதற்கு, பிரிட்டனின் அல்சைமர் சங்கம் ‘இதுதான் நான்’ என்ற பொருளுடைய படிவமொன்றை வெளியிட்டிருக்கிறது. விரும்பி அழைக்கப்படும் பெயர், அன்றாடப் பழக்கங்கள், கலங்கச் செய்பவை ஆகியன அதில் இடம்பெறும். இரவு முறைக்குப் புதிதாக வரும் தாதியும் எளிதில் எடுத்துப் படிக்கும்படி, அது கட்டிலருகிலேயே இருத்தல் நலம்.