பதினெட்டுக்கும் அறுபதுக்கும் ஒரே பிரீமியம்

கயத்தாற்றில் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கப் போகிறார். வண்டி 75 சிசிக்கு மேல் 150 சிசிக்குள் இருந்தால் ஓராண்டுக்கு 714 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள கார் என்றால் 3,416 ரூபாய். இவை 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணங்கள். வண்டியை ஓட்டப்போவது போன வாரம் லைசென்ஸ் வாங்கிய பதினெட்டு வயதுப் பேரனா, நாற்பது வருடம் கீறல் விழாமல் ஓட்டிய தாத்தாவா என்று யாரும் கேட்பதில்லை.

அதே பேரன் லண்டனிலோ டொராண்டோவிலோ சித்தப்பா வீட்டில் வளர்ந்திருந்தால் கதை வேறு. அங்கே காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று வயது. பதினெட்டு என்று சொன்னதும் தொகை பல மடங்கு ஏறும். பழைய சின்ன கார் ஒன்றை வாங்கிய விலையைவிட அதன் ஓராண்டு பிரீமியம் கூடுதலாக இருப்பதும் உண்டு.

அப்படியானால் நம் ஊர் இளைஞன் அவ்வளவு நிதானமானவனா? இல்லையென்றால், அவனால் கூடும் செலவை இங்கே யார் கட்டுகிறார்கள்?

கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு மனிதர் இந்த ஆண்டு விபத்தில் சிக்குவாரா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேர் சிக்குவார்கள் என்பதைக் கடந்த ஆண்டுகளின் பதிவுகளைக் கொண்டு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்ணிக்கை பெருகப் பெருக ஊகம் உறுதியாகிறது. சுவிஸ் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி இதற்குத் தந்த நிரூபணம், அவர் இறந்த பிறகு 1713-ல் அச்சேறியது. காப்பீட்டுத் தொழில் முழுவதும் நிற்பது இந்த விதியின் மேல்தான். எத்தனை விபத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு என்ற இரண்டையும் பெருக்கி, ஆள்கணக்கில் வகுத்தால் கிடைப்பதே பிரீமியத்தின் அடிப்படை.

மக்களை வயதுவாரியாகப் பிரித்து இந்தக் கணக்கைப் போட்டால் இளைஞர் பக்கம் எண் எகிறுகிறது. அமெரிக்காவில், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் கணக்கிட்டால், 16 முதல் 19 வயதுள்ளவர்கள் உயிர்ப்பலி விபத்துகளில் சிக்கும் விகிதம், இருபதைத் தாண்டியவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அனுபவக் குறைவு. புதிதாக ஓட்டுபவரின் கண், வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரத்திலேயே நிலைகொண்டுவிடுகிறது. அனுபவசாலியின் கண் தூரத்தையும் இரு ஓரங்களையும் துழாவிக்கொண்டே இருக்கும். மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை கயத்தாறு வழியாகப் போகிறது. நான்குவழிச் சாலையின் நடுத்தடுப்பில் ஒரு திறப்பு வந்தால், அங்கே ஒரு டிவிஎஸ் 50 குறுக்கே பாயக் காத்திருக்கலாம் என்பது பழகியவருக்குப் பார்க்காமலே தெரியும். இன்னொன்று காற்று. காற்றாலைகள் நிறைந்த ஊர் இது. காற்றாலை இயந்திரங்களைச் சோதிக்கும் தேசிய நிலையமே இங்கு இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது ஒரு லாரியை பைக்கில் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். லாரியின் மறைவில் இருக்கும்வரை காற்று தெரியாது. அதன் முகப்பைத் தாண்டிய நொடியில் பக்கவாட்டில் ஒரு தள்ளு விழும். அதை எதிர்பார்த்து ஏற்கெனவே உடம்பைத் தயார் செய்திருப்பவர் தப்புவார். இந்தப் பாடம் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கும் தேர்வில் வருவதில்லை. சாலைதான் கற்றுத்தருகிறது. லைசென்ஸ் வாங்கிய முதல் சில மாதங்களில் ஆபத்து உச்சத்தில் இருந்து, பிறகு வேகமாகக் குறைவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் மூளை. பின்விளைவை எடைபோட்டு ஆசைக்கு அணை போடும் முன்மூளைப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பரிசும் பாராட்டும் தரும் கிளர்ச்சிக்குத் துடிக்கும் பகுதியோ பதின்பருவத்திலேயே முழு வேகத்தில் இயங்குகிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், மார்கோ கார்ட்னருடன் சேர்ந்து 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். நண்பர்கள் பார்க்கும்போது பதின்வயதினர் துணிந்து ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படி ஒரு மாற்றம் இல்லை. ஒரே பைக்கில் மூன்று பேராகக் கல்லூரிக்குப் போகும் பையன்களை அடுத்த முறை பார்க்கும்போது இது ஞாபகம் வரட்டும். ஓட்டுகிறவன் தனியாக இருந்தால் அந்த வேகத்தில் போகமாட்டான்.

ஆக, அயல்நாட்டு நிறுவனங்கள் இளைஞரிடம் கூடுதலாக வாங்குவதற்குக் கணக்கும் இருக்கிறது, அறிவியலும் இருக்கிறது. ஆனாலும் நிதானமாக ஓட்டும் ஒரு பதினெட்டு வயதுக்காரர், தன் வயதுக்காரர்கள் செய்யும் தவறுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறதே, அது நியாயமா? இதற்குக் கணிதம் பதில் சொல்லாது. ஒவ்வொரு சமூகமும் தனக்கான பதிலைத் தேர்ந்துகொள்கிறது. ஹவாய் மாநிலம் கார் காப்பீட்டில் வயதைப் பார்க்கவே தடை விதித்திருக்கிறது. கலிபோர்னியா 1988-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில், ஓட்டுநரின் பழைய பதிவுக்கே முதலிடம் என்று முடிவு செய்தது. ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியம் போடக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் இளைஞர்கள் பலர் காரில் ஒரு கருப்புப் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். வேகம், பிரேக் பிடிக்கும் விதம், இரவுப் பயணம் எல்லாவற்றையும் அது பதிவு செய்யும். நன்றாக ஓட்டினால் பிரீமியம் குறையும்.

இந்தியா தேர்ந்துகொண்ட வழி வேறு. இங்கே பாலிசி வண்டியோடு ஒட்டியது. முறையான லைசென்ஸும் உரிமையாளரின் சம்மதமும் உள்ள யாரும் ஓட்டலாம். ஆர்.சி. அப்பா பெயரில், சாவி மகன் கையில் என்பதுதான் பல வீடுகளின் நிலை. மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. எஞ்சின் அளவே அங்கு அளவுகோல். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப் போன்றது இது. எந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று பார்க்காமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறோம். பேரனின் வேகத்துக்கான செலவில் ஒரு பங்கைத் தாத்தாவின் பிரீமியமும் சுமக்கிறது.

சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில் நிறுவனங்களுக்கு 2007 முதல் சுதந்திரம் உண்டு. அங்கும் வண்டியின் மதிப்பு, பழமை, பதிவான ஊர் ஆகியவையே அடிப்படை. ஓட்டும் விதத்துக்கு மரியாதை தருவது பெரும்பாலும் ‘நோ கிளெய்ம் போனஸ்’தான். தொடர்ந்து ஐந்தாண்டு இழப்பீடு கேட்காதவருக்கு 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும்.

ஆனால், பிரீமியத்தில் பார்க்காத வயதை இழப்பீட்டில் துல்லியமாகப் பார்க்கிறோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த, நிரந்தர வேலையில் இல்லாத, மணமாகாத 24 வயது இளைஞர் இன்னொரு வண்டி மோதி இறந்தால், உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்காகப் பாதியைக் கழித்தால் 1,26,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 18. மொத்தம் 22,68,000 ரூபாய். மேலும் சில சிறு தொகைகள் சேரும். 3,176 மோட்டார் சைக்கிள்கள் கட்டும் ஓராண்டுப் பிரீமியம் இந்த ஒரு மரணத்துக்குச் சரியாகப் போய்விடுகிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 66.5 சதவீதம் பேர் 18 முதல் 45 வயதுக்குள். அந்த ஆண்டு அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பரிலிருந்து புதிய காருக்கு மூன்றாண்டும் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. பைக்குக்கு ஷோரூமில் கட்டியது அந்த ஐந்தாண்டோடு முடிந்துவிடும். பிறகு பலர் புதுப்பிப்பதில்லை. நாட்டின் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாமல் ஓடுகின்றன. அண்ணன் ஓட்டிய பைக் தம்பி கைக்கு வருவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். ஆபத்து கூடும் நாளில் பாதுகாப்பு காலாவதியாகிறது.

அயல்நாட்டில் கனத்த பிரீமியம், “இவனிடம் சாவியைக் கொடுக்க யோசி” என்று குடும்பத்துக்குச் சொல்லிவிடுகிறது. நம்மிடம் அந்த எச்சரிக்கை இல்லை, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே பெற்றோர்தான் அந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டி விபத்தானால் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும் அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். சட்டத்துக்காக மட்டும் எடுத்த குறைந்தபட்ச பாலிசியில், பின்னால் உட்கார்ந்து வரும் நண்பனுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.

இன்றே உங்கள் வண்டியின் பாலிசியை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். பின்னால் அமர்பவருக்கும் அது பொருந்துமா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்கு முதல் ஓராண்டு இரவுப் பயணமும் நண்பர் கூட்டமும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.