உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகளோடு சேர்க்கும் வீரர் அட்டைகள்

கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்து உடுப்பிட்டிக்கு வரும் பேரப்பிள்ளையின் பைக்குள் இப்போது சொக்லேட்டோடு விளையாட்டு வீரர் அட்டைகளும் வருகின்றன. “இது ஆர்?” என்று ஊர்ப் பிள்ளை கேட்கும்போது பதில் சொல்லப் பெரியவர்களும் கூட இருந்தால், அது நல்லதொரு குடும்பப் பொழுதுபோக்காகிவிடும். அட்டைகளைப் பரப்பிவைத்துப் பிள்ளைகளோடு பேச இதோ சில செய்திகள்.

● சிகரெட் பெட்டியில் பிறந்தது
19ஆம் நூற்றாண்டில் சிகரெட்டுகள் மெல்லிய கடதாசிப் பொதிகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காமல் இருக்க உள்ளே தடித்த அட்டை ஒன்றை வைத்தார்கள். அந்த வெற்று அட்டையில் படம் அச்சிடத் தொடங்கியதும் வியாபாரம் சூடுபிடித்தது. 1896இல் இங்கிலாந்தின் வில்ஸ் கம்பனி 50 துடுப்பாட்ட வீரர்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டோடு, 1940 அளவில், பிரித்தானியாவில் சிகரெட் அட்டைகள் நின்றுபோயின.

● படம் வேண்டாம் என்ற வீரர்
அமெரிக்க பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் படத்தோடு 1909இல் வந்த சிகரெட் அட்டை, அச்சான கொஞ்ச நாளிலேயே நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள். பணம் போதாமல் மறுத்தார் என்றும் சொல்வதுண்டு. எஞ்சிய சில அட்டைகளில் ஒன்று 2022இல் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோனது.

● பத்திரிகை விற்ற சகோதரர்கள்
இத்தாலியின் மொடேனா நகரில் பத்திரிகை விற்றுவந்த பனினி குடும்பத்துச் சகோதரர்கள், வேறொரு கம்பனி விற்க முடியாமல் விட்ட படங்களை 1960இல் வாங்கிச் சிறு பொதிகளாக விற்றார்கள். அது கைகொடுக்கவே 1961இல் சொந்தமாக உதைபந்தாட்ட அல்பம் வெளியிட்டார்கள். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் இருந்து அவர்களின் அல்பம் உலகமெல்லாம் போகத் தொடங்கியது. படங்களைக் கலந்து பொதி செய்யும் இயந்திரத்தை வடிவமைத்தவர் சகோதரர்களில் ஒருவரான உம்பேர்த்தோ.

● கடைசி ஒன்றுதான் பாடுபடுத்தும்
50 அட்டைகள் கொண்ட ஒரு தொகுதி. எல்லா அட்டையும் ஒரே அளவில் அச்சாகின்றன என்று வைப்போம். முதல் 25ஐச் சேர்க்கச் சராசரியாக 34 அட்டை வாங்கினால் போதும். மிச்சம் 25க்கு இன்னும் 190 அளவில் வேண்டும். கடைசி ஓர் அட்டைக்கு மட்டும் சராசரி 50! காரணம் எளிது: கை நிறைய நிறைய, புதிதாக வருவது இருப்பதாகவே இருக்கும். நிகழ்தகவைப் பிள்ளை தன் கையாலேயே படிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

● மாற்றினால் செலவு குறையும்
அதனால்தான் இரட்டிப்பாக வந்தவற்றைக் கூட்டாளிகளோடு மாற்றிக்கொள்கிறார்கள். தன்னிடம் என்ன உண்டு, என்ன இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கப் பழக்குங்கள். சின்னப் பிள்ளையை ஏமாற்றி நல்ல அட்டையை வாங்கக் கூடாது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லிவையுங்கள். நேர்மையான கொடுக்கல் வாங்கல் இந்த வயதிலேயே படிய வேண்டும்.

● கடலில் கொட்டிய செல்வம்
அமெரிக்காவின் டொப்ஸ் கம்பனி 1952இல் வெளியிட்ட பேஸ்போல் அட்டைகளில் விற்காமல் தேங்கியவற்றை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அதே தொகுதியின் மிக்கி மாண்டில் அட்டை ஒன்று 2022இல் 126 இலட்சம் டொலருக்குப் போனது. இதைக் கேட்டு ஆசைப்பட்டுப் பணத்துக்காகச் சேர்க்க வேண்டாம். 1980களின் இறுதியில் அளவுகடந்து அச்சான அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் பெறுமதி இல்லை. பிள்ளைக்குப் பிடித்த வீரர் என்பதே போதுமான காரணம்.

● கோப்பிக் கடையில் ஐஸ் ஹொக்கி
கனடாவில் நம்மவர்கள் நன்கறிந்த டிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடைகளில் 2015 முதல் ஐஸ் ஹொக்கி வீரர் அட்டைகள் வருகின்றன. பனியையே கண்டிராத பேரன், பேத்திக்கு அந்த விளையாட்டை விளக்கவும் ஓர் அட்டை உதவும்.

● தபாற்கந்தோர் தந்த வட்டம்
முத்தையா முரளிதரன் 2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டியில் ஷேன் வோர்னின் ரெஸ்ற் விக்கெட் சாதனையை முறியடித்தபோது, இலங்கைத் தபால் திணைக்களம் பந்தைப் போல வட்டமான ஐந்து ரூபாய் முத்திரை வெளியிட்டது. வீட்டில் பழைய முத்திரை அல்பம் இருந்தால் தேடிப் பாருங்கள். முத்திரை சேர்த்த தாத்தாவும் அட்டை சேர்க்கும் பேரனும் பேச நிறைய உண்டு.

● உப்புக்காற்றும் பூஞ்சணமும்
கடலோரத்து ஈரக்காற்றில் அட்டை வளையும், பூஞ்சணம் பிடிக்கும். ரப்பர் நாடா போட்டால் ஓரம் வெட்டுப்படும்; பசை போட்டு ஒட்டினால் பின்பக்கம் போய்விடும். ஒன்பது பை கொண்ட பிளாஸ்ரிக் தாளில் இட்டு, மூடும் பெட்டியில், நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறிய சிலிக்கா ஜெல் பொதியை உள்ளே போட்டால் ஈரத்தை உறிஞ்சும். வெயில் படும் யன்னலோரம் மட்டும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

● நம் கரையின் வீரர்கள்
பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி. 1954இல் வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தினார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தினார். எடுத்தது 51 மணி நேரம். யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அந்தப் போட்டியின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். அதே கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல்லில் ஆடினார். மெஸ்ஸியின் அட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு இவர்களையும் தெரிந்திருக்க வேண்டாமா?

● வீட்டிலேயே அச்சிடலாம்
வழக்கமான அட்டையின் அளவு 63க்கு 88 மில்லிமீற்றர். ஓர் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். தடித்த மட்டையில் கோடு போட்டு வெட்டுங்கள். முன்பக்கம் பிள்ளை வரைந்த படமும் பெயரும். பின்பக்கம் ஊர், விளையாட்டு, ஆண்டு, சாதனை, கீழே தொடர் இலக்கம். நவரத்தினசாமிக்கு 1, ஆனந்தனுக்கு 2, எதிர்வீரசிங்கத்துக்கு 3. அடுத்து நம்மூர்: 1852இல் தொடங்கிய உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியின் பழைய மாணவர் யாராவது அணியில் ஆடியிருந்தால், பிள்ளையை அவர் வீட்டுக்கு அனுப்பி விபரம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பாடசாலை அஞ்சலோட்டத்தில் ஓடிய அம்மாவுக்கும் ஓர் இலக்கம் ஒதுக்குங்கள். இந்தத் தொகுதி எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை வெளியிட உங்கள் பிள்ளையால் மட்டுமே முடியும்.