லர்ச்சர்: வேகமும் புத்தியும் கலந்த நாய்

இங்கிலாந்து, அயர்லாந்து கிராமப்புறங்களில் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் வளர்ப்பது லர்ச்சர் என்ற கலப்பின நாய். கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற ஓட்டக்கார நாயோடு, ஆடு மேய்க்கும் கோலி இன நாயையோ டெரியரையோ சேர்த்துப் பெறும் குட்டி இது.

ஏன் இந்தக் கலப்பு? கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் நீண்ட நேரம் தாங்காது, துரத்தத் தொடங்கிவிட்டால் கூப்பிட்ட குரலும் அதன் காதில் ஏறாது. கோலியின் ரத்தம் சேரும்போது தாங்குசக்தியும் சொல்பேச்சு கேட்கும் குணமும் வருகின்றன. எல்லாக் குட்டிக்கும் இது வாய்த்துவிடும் என்று நம்பி வாங்குவதுதான் ஆபத்து!

லர்ச்சரின் தோல் மெல்லியது. முள்கம்பியில் பட்டால் சட்டென்று கிழியும். உடம்பில் கொழுப்பு குறைவு, அதனால் குளிர்காலத்தில் மெத்தென்ற படுக்கை வேண்டும். ஓடிவிட்டு வந்ததும் பாதங்களைப் பார்த்துவிட்டு, மூச்சு அடங்கிய பிறகே தீனி வைப்பார்கள். குட்டியிலேயே கயிற்றில் பிடித்து ஆட்டு மந்தைக்கு நடுவே நடத்திப் பழக்குவதும் கட்டாயம். ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியில்லாத நிலையில் பண்ணைக்காரர் சுட்டாலும் அங்கே சட்டம் அவர் பக்கம் நிற்கக்கூடும்.

2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹேர் என்ற பெரிய காட்டு முயலை நாய் விட்டுத் துரத்துவது குற்றம். வளை தோண்டி வாழும் சாதாரண முயலுக்கு விலக்கு உண்டு, நிலத்துக்காரர் அனுமதித்தால் மட்டும்.