வழுக்கி விழுந்த யூனிகார்ன்

மகளுக்கு ஆறு வயதானதும் தனிக்கட்டில் போட்டோம். விரிப்பை அவளே எடுத்தாள்: ஊதா நிறம், நடுவில் யூனிகார்ன். கடையில் தொட்டபோது பூனை முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் அவள் முதுகு நனைந்து கிடந்தது. யூனிகார்ன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டிருந்தது. உறையைத் தேடியெடுத்துப் பார்த்தேன். 'மைக்ரோஃபைபர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பாலியஸ்டர் என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்திருந்தார்கள்.

பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, பருத்தி உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இதற்கு மேல் வாதம் எதற்கு?

பருத்தி என்று முடிவானதும் விற்பனையாளர் 'த்ரெட் கவுண்ட்' என்று ஆரம்பிப்பார். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும் இழைகளின் கணக்கு அது. 1000 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் சேர்த்து முறுக்கிய இழைகளைத் தனித்தனியாக எண்ணிய சாமர்த்தியம். குழந்தைக்கு 200, 300 தாராளம். நெருக்கி நெய்த துணி காயவும் நேரம் பிடிக்கும். படுக்கையில் மூத்திரம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில், காலையில் துவைத்தது சாயங்காலம் காய்ந்தாக வேண்டும். கரூர், சென்னிமலைப் பக்கத்துச் சாதாரணப் பருத்தி விரிப்பே இதற்குப் போதும்.

கடைக்கு ஈரக் கைக்குட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். விரிப்பின் ஓரத்தில் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். மெத்தையின் நீளம் 72 அங்குலமா, 75 அங்குலமா என்பதோடு உயரத்தையும் அளந்து வையுங்கள். எலாஸ்டிக் வைத்த விரிப்பைச் சரியளவாக வாங்கினால், ஒரு சலவையில் சுருங்கி மூலைகள் எகிறும்.

கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு வயதுவரை தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் படுக்கையில் கூடாது. அழுந்தாத, சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மூச்சு அடைபடும் அபாயம் இருக்கிறது. "கடுகுத் தலையணை வைக்காட்டி தலை எப்படிம்மா உருண்டையா வரும்?" என்று என் அத்தை இரண்டு மாதம் பேசாமலே இருந்தார்.

அதே அத்தைதான் இப்போது பேத்திக்கு போடியிலிருந்து இலவம்பஞ்சு வரவழைத்துத் தலையணை தைத்திருக்கிறார். இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே குழல். காற்று நிரம்பியிருப்பதால் கனமே தெரியாது. நூலாக நூற்க வசப்படாத பஞ்சு, தலையணைக்கென்றே காய்த்தது போல. நாளாக ஆகக் கட்டிதட்டும், அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு.

எவ்வளவு சுத்தம் பார்த்தும் பஞ்சில் ஒன்றிரண்டு விதை தங்கிவிட்டது. உறைக்கு மேலேயே அதை விரலால் நெருடிக்கொண்டுதான் இவள் தூங்குகிறாள். யூனிகார்ன் விரிப்பு இப்போது பரண்மேல் சூட்கேஸுக்குப் போர்வை.