ஆயிரம் இலைக்குச் சமைப்பது: ஒரு பெரிய தொண்டு நிறுவனம் எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறார். சோறு நேரத்துக்கு இலைக்கு வருவதற்கான வேலையெல்லாம் பின்கட்டில், முந்தின நாளே நடந்து முடிந்திருக்கும். 1971இல் பாரிஸில் தொடங்கி, 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் இப்படித்தான் இயங்குகிறது. செய்திப் படங்களில் மருத்துவர் தெரிகிறார். அவர் கைக்கு மருந்து வந்து சேரும் வழியைப் பார்ப்போம். 2010 அக்டோபரில், நூறாண்டுக்கு மேலாகக் காலராவே காணாத ஹைட்டியில் அந்த நோய் பரவியது. அங்கே இந்த அமைப்பு செய்த வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

உக்கிராண அறை

பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு அரிசி வாங்க ஓட முடியாது. பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகிலும், பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸிலும் இந்த அமைப்புக்குப் பெரிய கிடங்குகள் உண்டு. காலராவுக்கு ஒரு ‘கிட்’, தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஒரு ‘கிட்’ என்று, வேண்டிய பொருள்களை முன்கூட்டியே கணக்கிட்டுப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். தகவல் வந்ததும் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். அடுக்குகிறவர் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் ட்ரிப்ஸ் குழாய் ஒன்று விட்டுப்போனால் அங்கே ஒரு உயிர் ஊசலாடும் என்பது அவருக்குத் தெரியும்.

தண்ணீர்

சமையலோ காலரா முகாமோ, தண்ணீர் இல்லாமல் எதுவும் தொடங்காது. கூடாரம், கழிப்பறை, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் லாஜிஸ்டிக்ஸ்காரர் பொறுப்பு. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. நூறு பேர் படுத்திருந்தால் 6,000 லிட்டர்.

நோயாளி படுக்கும் கட்டிலின் நடுவே ஒரு ஓட்டை, அடியில் ஒரு வாளி. உடம்பிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்று அந்த வாளியைப் பார்த்துத்தான் எவ்வளவு ஈடுகட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். அதைக் கழுவுகிறவரும் குளோரின் கலக்குகிறவரும் ஒரு வேளை வராவிட்டால், முகாமே நோயைப் பரப்பத் தொடங்கிவிடும்.

பந்தி விசாரிப்பு

நல்ல பந்தி விசாரிப்பவர் சத்தம் வரும் இலைக்கு ஓடுவதில்லை. எந்த இலை காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். முகாம் வாசலில் நிற்கும் நர்ஸின் வேலையும் அதுதான். நாடி பிடித்துப் பார்ப்பார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு, மடிப்பு எவ்வளவு மெதுவாகப் படிகிறது என்று கவனிப்பார். குடிக்க முடிகிறவருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல். துவண்டு சத்தமில்லாமல் கிடப்பவருக்கு உடனே ட்ரிப்ஸ். 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு முதல் மூன்று மணி நேரத்துக்குள் 5 லிட்டர் ஏற வேண்டும். தீவிரக் காலராவைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பேர்வரை இறக்கலாம். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவரைக்கூட இழக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் கஷ்டமான பகுதி, அழுதுகொண்டு நிற்கும் ஒரு தாயிடம் “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று சொல்வது.

கைகள்

சமையல் மாஸ்டர் வெளியூர்க்காரராக இருக்கலாம். நறுக்கவும் கிளறவும் உள்ளூர்க் கைகள் வேண்டும். இந்த அமைப்பின் ஊழியர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்தந்த நாட்டுக்காரர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சில மாதங்களோ ஒரு வருடமோ இருந்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவார். கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். ஹைட்டியில் காலரா ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அவ்வளவு காலமும் தாக்குப்பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். காலராவுக்கு முன், அதே 2010 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் அவர்களிலேயே பலர் வீட்டை இழந்திருந்தார்கள். புதிதாகப் போகிறவர் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். யோசனை சொல்வது அப்புறம்.

சாமான் காசு

பாயசத்துக்கென்று கொடுத்த பணத்தில் அரிசி வாங்க முடியாது. ஒரு பணிக்கென்று கொடுத்த நன்கொடையும் அப்படித்தான். 2004 சுனாமியின்போது குவிந்த நன்கொடையைப் பார்த்த இந்த அமைப்பு, சில நாட்களிலேயே “சுனாமிப் பணிக்கு இது போதும்” என்று வெளிப்படையாக அறிவித்தது. மிச்சத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த, கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டது. அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கிடங்கு வாடகைக்கும் வாளி கழுவுகிறவர் சம்பளத்துக்கும் போகிற பணம் வீண் செலவென்று நினைக்காதீர்கள். அடுத்த காலரா எந்த ஊரில் வருமென்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது பெட்டி தயாராக இருக்க வேண்டுமென்றால், பணம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். கொடுக்கும்போது ‘இதற்கு மட்டும்’ என்று கட்டிப்போடாமல், ‘எங்கே தேவையோ அங்கே’ என்று கொடுங்கள்.