வயிற்றைச் சின்னதாக்கினால் மட்டும் போதுமா?

போன வருஷம் ஆறாவது செமஸ்டர் இன்டர்னல் நடந்துகொண்டிருந்த நேரம். ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றபோது அப்பாவிடமிருந்து போன்.

"தம்பி, டாக்டர் வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றார்ப்பா. எடை குறையறதுக்கு."

நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்ன பதில்: "என்னப்பா, வாயைக் கட்டினா முடியற விஷயத்துக்கு எதுக்கு வயித்தை வெட்டணும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிப்பா, நீ படி" என்று வைத்துவிட்டார்.

இந்தக் கட்டுரையை எழுத அந்த ஒரு வரிதான் காரணம். நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயிற்று. நம்மில் பல பேர் வீட்டில் இப்படி ஒரு அப்பாவோ அத்தையோ பெரியப்பாவோ இருப்பார்கள். நீங்க அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

வாயைக் கட்டினால் ஏன் முடியவில்லை?

அப்பாவுக்கு அப்போது எடை 126 கிலோ, உயரம் 170 செ.மீ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 43.6 வரும். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை கல்லாவில் உட்காரும் வேலை. சுகர், பிரஷர், முட்டி வலி, பக்கத்து ரூம் வரை கேட்கும் குறட்டை. அவர் முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கொள்ளு ரசம் குடித்தார், பேலியோ இருந்தார், ராத்திரி சோற்றை விட்டார். ஒவ்வொரு முறையும் எட்டு, பத்து கிலோ இறங்கும். ஆறு மாதத்தில் வட்டியோடு திரும்பி வரும்.

நமக்குத் தெரிந்த கணக்கு சுலபமானது: உள்ளே போகும் கலோரியைவிட வெளியே போகும் கலோரி அதிகமானால் எடை குறையும். தெர்மோடைனமிக்ஸ் படி இது சரிதான். ஆனால் நம்ம உடம்பு வெறும் டேங்க் இல்லை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படித்தோமே, குளோஸ்டு லூப், அந்த மாதிரி. எடை இறங்கினால் அதை ஒரு கோளாறாக எடுத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்பப் பார்க்கும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும்.

இதற்கு இரண்டு உதாரணம். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 தன்னார்வலர்களுக்கு ஆறு மாதம் தினமும் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்தார். வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார். எடை கால் பங்கு குறைந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். இவர்கள் யாரும் மனஉறுதி இல்லாத ஆட்கள் இல்லை.

இரண்டாவது, 'தி பிகெஸ்ட் லூசர்' என்ற எடை குறைக்கும் டிவி போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016ல் வந்தது. குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிட முக்கியமானது, அவர்களுடைய உடம்பு அந்த எடைக்குச் செலவழிக்க வேண்டியதைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் கழித்தும்!

இதைப் படித்த அன்றைக்குத்தான் அந்த போன் கால் ஞாபகம் வந்து உறுத்தியது.

சர்ஜரி என்ன செய்கிறது?

அப்பாவுக்குச் செய்தது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. லேப்ராஸ்கோப்பி மூலம் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பாகத்துக்கும் மேல் நீக்கிவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விடுவார்கள். ஒரு டம்ளருக்கும் குறைவாகத்தான் கொள்ளும். இன்னொரு வகை பைபாஸ். அதில் இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு சின்னப் பை மட்டும் செய்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைப்பார்கள்.

இடம் குறைவதால் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பது பாதி உண்மைதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் நீக்கப்படுவது அந்தப் பகுதிதான். சாதாரண டயட்டில் எடை குறைந்தால் கிரெலின் ஏறும், பசி கூடும். இந்த சர்ஜரிக்குப் பிறகு அது இறங்குகிறது. 'போதும்' என்று சொல்லும் குடல் ஹார்மோன்களும் கூடுகின்றன. அதாவது, லூப்பில் உள்ள சென்சாரையே மாற்றுகிறார்கள். இது சோம்பேறிகளின் ஷார்ட்கட் இல்லை. ஆனால் மாயமும் இல்லை. மீதி வேலை சாப்பாட்டிலும் நடையிலும் இருக்கிறது.

முன்னே இரண்டு வாரம்

சர்ஜரிக்கு முன் இரண்டு வாரம் தினமும் 800 முதல் 1,000 கலோரிக்குள்தான் சாப்பாடு. "எப்படியும் வெட்டத்தானே போறாங்க, அதுக்கு முன்னாடி ஏன் பட்டினி?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. காரணம் கல்லீரல். எடை அதிகமானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெரிதாகி, இரைப்பையின் மேல் வந்து படுத்திருக்கும். மாவுச்சத்தும் கலோரியும் குறைந்தால் இரண்டே வாரத்தில் அது சுருங்கும். டாக்டருக்குக் கருவியை நுழைக்க வழி கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை இப்படிக் குறைத்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மாத்திரை அளவை டாக்டர் மாற்றித் தர வேண்டும். இதைப் பார்த்து நீங்களாக வீட்டில் 800 கலோரி டயட் ஆரம்பிக்காதீங்க.

இதே இரண்டு வாரத்தில் தினமும் நடைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்து பந்தை மேலே தூக்க வேண்டும். முதல் நாள் அப்பாவுக்கு ஒரு பந்துதான் எழுந்தது.

இருமல் மருந்து மூடியில் சாப்பாடு

சர்ஜரி முடிந்த முதல் நாட்களில் தெளிந்த நீராகாரம் மட்டும்: தண்ணீர், வடிகட்டிய சூப், இளநீர். அதுவும் 30 மில்லி மூடியில் அளந்து, சிப் சிப்பாக. பிறகு பால், மோர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். அப்புறம் மிக்ஸியில் அடித்த பருப்பு, முட்டை. அதற்குப் பின் குழைந்த உணவு. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு மொத்தமே 400 முதல் 800 கலோரிதான் உள்ளே போகும்.

இங்கேதான் நம்ம ஊர்ச் சாப்பாட்டில் சிக்கல். கொள்ளும் இடமே சின்னது. அதை இட்லி, கஞ்சி, ரசம் சாதத்தால் நிரப்பிவிட்டால் புரோட்டீனுக்கு இடம் இருக்காது. தினமும் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் வேண்டும் என்றார் டயட்டீஷியன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், இரண்டு முட்டை வெள்ளைக்கருவில் 7, ஒரு ஸ்கூப் பவுடரில் 20க்கு மேல், 75 கிராம் மீனில் 15. எல்லாம் சேர்ந்தால்தான் 60. இதை ஒரு நாளைக்கு ஆறு தவணையாகப் பிரிக்க வேண்டும்.

சாப்பிடும் முறைக்கும் விதி உண்டு. முதலில் புரோட்டீன், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. நன்றாக மென்று, இருபது முப்பது நிமிஷம் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். ஆனால் நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. வாந்தி நிற்காமல் இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். விட்டமின் பி1 குறைந்தால் நரம்பையே பாதிக்கும்.

நடை எதற்கு?

இப்போது என் இரண்டாவது தப்பு. செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். சர்ஜரி முடிந்து மூன்றாவது வாரம். எக்ஸெல் ஷீட் போட்டு அப்பாவின் கலோரியை எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு நாளாக எடை அசையவில்லை. "நடை பத்தலைப்பா, வேகமா நடங்க" என்று சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கு வெயில்தான், ஆனாலும் அனல். முக்கால் மணி நேரம் விடாமல் நடக்க வைத்தேன். தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் வந்ததும் அப்பா என் தோளைப் பிடித்தார். "கண்ணு இருட்டுதுடா" என்று அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் குடித்திருந்தது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அது என் ஷீட்டில் இல்லவே இல்லை. கலோரிக்கு மட்டும்தான் காலம் போட்டிருந்தேன். எடை குறையக் குறைய பிரஷரும் இறங்கும் என்பதால் மறுநாள் டாக்டர் பிரஷர் மாத்திரையையும் குறைத்தார்.

பிசியோதெரபிஸ்ட் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நடந்தா எத்தனை கலோரி போகும்னு நினைக்கறீங்க?" அப்பா எடையில் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் தோராயமாக 150 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அதாவது, நடையால் மட்டும் ஒரு கிலோ குறைக்க ஐம்பது நாள் ஆகும். அப்படியென்றால் நடை எதற்கு?

முதல் நாளில் அது ரத்தம் உறையாமல் இருக்க, நுரையீரல் விரிய. அதனால்தான் சர்ஜரி அன்றைக்கே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். பிறகு அது தசையைக் காப்பாற்ற. இவ்வளவு குறைவான கலோரியில் உடம்பு கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் எடுத்துத் தின்கிறது. 2014ல் வந்த ஒரு ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட 13 பேரையும் அதே 'பிகெஸ்ட் லூசர்' போட்டியாளர்கள் 13 பேரையும் ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு எடை இழப்பு. ஆனால் சர்ஜரி செய்தவர்கள் இழந்ததில் 30 சதவீதம் கொழுப்பு அல்லாத திசு. கடுமையாக உடற்பயிற்சி செய்த போட்டியாளர்களுக்கு அது 16 சதவீதம்தான்.

அப்பாவின் பயிற்சித் திட்டம் மாறியது. முதல் மாதம் பத்து பத்து நிமிஷமாக நாளைக்கு நான்கு முறை, கையில் தண்ணீர் பாட்டிலோடு. ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. கடையில் பெயின்ட் டின்னைக்கூட பையன்தான் எடுத்தான். அதன் பிறகு டாக்டர் அனுமதியோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றி புஷ் அப், ரப்பர் பேண்ட் இழுப்பது. வாரம் மூன்று நாள். நடை மெதுவாகக் கூடி, இப்போது வாரத்துக்கு 200 நிமிஷம்.

பத்து மாதம் கழித்து

இப்போது 92 கிலோ. சார்ட்டைப் பார்த்தால் இன்னமும் குண்டுதான். சுகர் மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. குறட்டை இல்லை. நடுவில் நான்காவது மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. வேகமாக எடை குறையும்போது இது பல பேருக்கு வரும், பிறகு வளர்ந்துவிடும். எடை நகராமல் நின்ற வாரங்களும் உண்டு. கல்யாண வீட்டில் கால் வாசி இலையோடு எழுந்தபோது "என்னங்க, சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டார். கவனம் தப்பினால் இரண்டு மூன்று வருஷத்தில் எடை திரும்பவும் ஏறலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஐஸ்க்ரீமும் ஜூஸும் சின்ன வயிற்றிலும் சுலபமாக இறங்கிவிடும்.

உங்க வீட்டில் யாராவது இந்த சர்ஜரியைப் பற்றிப் பேச்செடுத்தால், என்னை மாதிரி ஒரு வரியில் தீர்ப்பு சொல்லாதீங்க. டாக்டரைப் பார்க்கக் கூடவே போங்க. புரோட்டீன் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மாத்திரை எது எப்போது குறையும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்க. நடக்கப் போகும்போது அவங்க வேகத்துக்கு நீங்க நடங்க.

போன வாரம் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிந்து அப்பாவுக்கு போன் செய்தேன். பேசும்போதே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "எங்கப்பா இருக்கீங்க?" என்றேன். "கிரவுண்டுல நடந்துட்டு இருக்கேன்டா" என்றார். அந்த போன் காலுக்கு இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்து, அன்றைக்குக் கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு. இரு, இன்னும் ரெண்டு ரவுண்டு பாக்கி இருக்கு" என்று வைத்துவிட்டார்.